பதின்மூன்றில் இருக்கும் ஒன்று

எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் இரவு எட்டரை மணிக்குச் சாப்பாட்டு மேசை வகுப்பறையாகிவிடும். பாத்திரம் கழுவி, மகனின் பள்ளிப்பையைச் சரிபார்த்துவிட்டு மடிக்கணினியைத் திறப்பேன். பகலில் நான் பாலர்பள்ளி ஆசிரியை. இரவில், முப்பத்து நான்கு வயதில், தொடக்கப்பள்ளிக் கல்வியியல் பட்டத்தை இயங்கலையில் படிக்கும் மாணவி.

"வீட்டிலேயே உட்கார்ந்து படிச்சு டீச்சராக முடியுமாம்மா?" என்று அத்தை கேட்டார். பினாங்கில் இந்தக் கேள்விக்குப் பழைய பதில் இருக்கிறது. நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இலேயே தொலைக்கல்வியைத் தொடங்கியது. நாட்டில் அதுதான் முதல். பகலில் வகுப்பெடுத்துவிட்டு, இரவில் பாடநூல்களோடு உட்கார்ந்து பட்டதாரியான ஆசிரியர்கள் பலர். 2007-இல் ஜார்ஜ்டவுன் சுல்தான் அகமட் ஷா சாலையில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகோ, வீட்டிலிருந்து படிப்பது சின்னப் பிள்ளைக்கும் பழகிப்போனது.

ஆகவே, வீட்டிலிருந்து படிப்பது எனக்குச் சிக்கலாக இல்லை. ஒளிந்துகொள்ள முடிந்ததுதான் சிக்கல்.

விரிவுரையாளர் திரையில் பாடம் நடத்துவார். நடுநடுவே நிறுத்தி, "பஹாம்?" என்று கேட்பார். முப்பது பேரும் வரிசையாக "பஹாம்" என்று தட்டுவோம். நானும்தான். கேமராவை அணைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டே எத்தனை முறை அப்படித் தட்டியிருப்பேன்! அந்தத் தவணையின் முடிவில், கணிதம் கற்பித்தல் தாளில் தோற்றேன். மறுபடியும் கட்டணம் கட்டியபோது, "இது நமக்குத் தேவையா?" என்று கணவர் ஒரே ஒரு முறை கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பிறகு பள்ளிப் பயிற்சி வந்தது. சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்புக்குப் போனேன். இடமதிப்புப் பாடம். வெண்பலகையில் 13 என்று எழுதி, ஒரு பத்து, மூன்று ஒன்று என்று வண்ணக் கட்டங்கள் வரைந்து, இருபது நிமிடம் விளக்கினேன். "புரிந்ததா?" என்றேன்.

"புரிந்தது டீச்சர்!" வகுப்பே அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியை எழுந்து வந்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பையனிடம் ஐஸ்கிரீம் குச்சிகளைக் கொடுத்து, "பதின்மூணு எண்ணி வைய்யா" என்றார். சரியாக எண்ணி வைத்தான். பலகையில் இருந்த 13-இல் 3-ஐத் தொட்டு, "இது எந்தக் குச்சிங்க?" என்றார். மூன்று குச்சிகளைக் காட்டினான். 1-ஐத் தொட்டு, "இது?" என்றார்.

ஒரே ஒரு குச்சியை எடுத்து நீட்டினான்.

மீதி ஒன்பது குச்சிகள் மேசையில் அப்படியே கிடந்தன. அவனுக்கு அவை கண்ணில் படவே இல்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டார். அவளும் ஒன்றையே எடுத்தாள்.

ஓய்வு நேரத்தில் ஆசிரியை சொன்னார்: "புரிஞ்சதான்னு கேக்காதீங்க. புரியலைன்னு சொல்ல எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. செஞ்சு காட்டச் சொல்லுங்க." எனக்கு முகம் சூடானது. அவர் பிள்ளைகளைத்தான் சொன்னார். ஆனால் எட்டரை மணிக்கு "பஹாம்" என்று தட்டும் என் விரல்தான் என் நினைவுக்கு வந்தது.

பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், பிறர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையில்தான் கற்றல் நடக்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதைப் பற்றி எட்டுப் பக்க இடுபணி எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த இடைவெளி எவ்வளவு என்பதை ஒரு குச்சி காட்டியது. மறுநாளிலிருந்து பத்துப் பத்துக் குச்சிகளாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். நான்காம் நாள், அந்தப் பையன் 1-ஐத் தொட்டவுடன் முழுக் கட்டையும் தூக்கிக் காட்டினான்.

இப்படிப்பை நினைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு மூன்று செய்தி. முதலாவது, எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டாவது, பள்ளிப் பயிற்சி எத்தனை வாரம், உங்கள் வேலையிடம் விடுப்புத் தருமா என்று சேரும் முன்பே கேளுங்கள். அந்த வாரங்களைத் திரையில் படிக்க முடியாது. மூன்றாவது, பட்டம் வந்தால் அரசாங்கப் பள்ளியில் வேலை தானாக வராது. நியமனம் கல்விச் சேவை ஆணையத்தின் கையில் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்த கையோடு அரசாங்கப் பள்ளி ஆசிரியராக விரும்புவோர், முதலில் ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பியுங்கள். நம் மாநிலத்தில் தீவில் ஒன்றும் புக்கிட் மெர்தாஜாமில் ஒன்றுமாக இரண்டு வளாகங்கள் உண்டு.

பயிற்சி முடிந்து, தோற்ற தாளுக்கான இரவு வகுப்பில் மறுபடியும் உட்கார்ந்தேன். "பஹாம்?" என்றார் விரிவுரையாளர். வழக்கம்போல் வரிசையாக "பஹாம்" வந்தது. நான் கேமராவைத் திறந்து, "இன்னும் புரியவில்லை" என்று எழுதினேன். சற்று நேரத்தில் இன்னும் நான்கு பேர் அதையே எழுதினார்கள்.

அன்று வகுப்பு முடியப் பதினொரு மணி ஆனது. துணி மடிக்காமலே கிடந்தது.