மல்லிகை வந்தாச்சா? கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க

நொய்டா, குர்காவ், புனேன்னு ஃபிளாட்டுல குடியிருக்கிற நம்ம ஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆன்லைன்ல மல்லிகைக் கன்னு வாங்கறீங்களா? தாராளமா வாங்குங்க. ஆனா பார்சலைப் பிரிச்ச கையோட தொட்டி மாத்தாதீங்க. நான் மாத்தினேன். பத்தே நாள்ல போய்ச் சேர்ந்துடுச்சு.

இங்க மொக்ரா கிடைக்காதான்னு கேக்கலாம். கிடைக்கும். ஆனா 2013ல புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லியைத் தவிர வேற எதையும் மல்லின்னே ஒத்துக்காத அம்மா வீட்ல இருக்காங்களே! அப்பா காலமானப்புறம் திருமங்கலத்து வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துட்டாங்க. வாசல்ல விட்டுட்டு வந்த கொடியைப் பத்தி வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பேச்சு வரும். சரி, ஒண்ணு வரவழைப்போம்னு ஆர்டர் போட்டேன், மே மாசத்துல. டெல்லிப் பக்கம் லூ காத்து அடிக்கிற மாசம். அங்கயே என் புத்திசாலித்தனம் தெரிஞ்சிருக்கும் :-)

அஞ்சு நாள் இருட்டு டப்பாவுல குலுங்கி வந்த கன்னு. நான் பாசமா செஞ்சதைக் கேளுங்க. பழைய செம்மண்ணை உதறினேன். புது மண்ணுல நட்டு ரெண்டு கை உரம் போட்டேன். மேற்குப் பால்கனி வெயில்ல நிறுத்தி, ரெண்டு வேளையும் தண்ணி. செடிக்குத் தண்ணி உறிஞ்சறது கண்ணுக்கே சரியாத் தெரியாத சன்னமான வேர்முடிங்கதான். மண்ணை உதறினா அது அறுந்துடும். மேல இலை வெயில்ல ஈரத்தை விட்டுக்கிட்டே இருக்கும், கீழேர்ந்து வரவு கிடையாது. பத்தாததுக்கு உரத்துல இருக்கிற உப்பு வேரோட ஈரத்தையும் இழுக்கும். ஐயோ வாடுதேன்னு இன்னும் தண்ணி ஊத்தினா, காத்து கிடைக்காம வேர் அழுகும். கொலைதான், வேற பேரு கிடையாது.

ஜூலை கடைசியில, மழை பிடிச்சப்புறம், ரெண்டாவது கன்னு. இந்தத் தடவை அம்மா என்னைக் கிட்டயே விடல. "வந்த வாரமே என்னை யோகா கிளாஸ்ல சேர்த்துவிட்டியே, அந்த மாதிரி இதையும் படுத்தாதப்பா. கொஞ்ச நாள் சும்மா இருக்க விடு"ன்னாங்க. தங்கமணி உள்ளேர்ந்து சிரிச்ச சிரிப்பு இருக்கே... நான் பதில் பேசல.

வந்த கவரோடயே சமையலறைப் பால்கனி நிழல்ல வெச்சாங்க. ஒரு இஞ்ச் ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்த்து, காஞ்சிருந்தாத்தான் தண்ணி. ஒரு வாரத்துல இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டி, வெறும் குச்சி. ஃபோட்டோ எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேக்கலாம்னேன். அம்மா குச்சியை நகத்தால லேசா சுரண்டிக் காட்டினாங்க. உள்ள பச்சை! இலை கொட்டினா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. வேரால ஈடுகொடுக்க முடியலைன்னு செடியே செலவைக் குறைச்சுக்குது. இது தெரியாம எத்தனை உயிருள்ள குச்சியைக் குப்பையில போட்டிருக்கோமோ. விக்கறவங்க டப்பாக்குள்ள வாழ்த்து அட்டை வைக்கறதுக்குப் பதிலா, இதை ரெண்டு வரி அச்சடிச்சு வைக்கலாம்.

பதினெட்டாம் நாள் கணுவுல ஒரு முளை. அதுக்கப்புறம்தான் காலை வெயில், முதல்ல அரை மணி, பிறகு மெதுவா கூட்டி. நாலஞ்சு இலை விரிஞ்சதும் கவரை பிளேடால கிழிச்சு, மண்கட்டி உடையாம அப்படியே தொட்டிக்குள்ள. உரம் அதுக்கும் ஒரு மாசம் கழிச்சு. (வேர் பிடிச்சப்புறம் மல்லிக்கு நல்ல வெயில் வேணும். நிழல்லயே வெச்சிருந்தா இலைதான் மிச்சம்.) குளிர்காலத்துல மறுபடி தூங்கிடுச்சு, நான் பயப்படல. பிப்ரவரி கடைசியில நுனியைக் கத்தரிச்சுவிட்டோம், புதுத் தளிர்லதானே பூக்கும்.

யோகா கிளாஸா? கட்டின பணம் போகட்டும்னு விட்டாச்சு. அம்மாவே ரெண்டு தெலுங்குக்காரம்மாவைப் பிடிச்சுக்கிட்டு சாயங்காலம் கீழ பார்க்ல நடக்கறாங்க.

இன்னிக்குக் காலையில பதினோரு மொட்டு. எண்ணினது அம்மா. வாழைநாருக்கு நொய்டால எங்க போறது, தையல் நூலை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாங்க.