நடுவதற்கு முன் எண்ணுங்கள்

அந்தமானின் ஹேவ்லாக்கில் கடலடியைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. 2018 டிசம்பரிலிருந்து அரசுப் பதிவில் இந்தத் தீவின் பெயர் சுவராஜ் த்வீப். அப்பா ராமநாதபுரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் பிழைக்க வந்தவர். நான் இன்னும் கொஞ்சம் தள்ளி இங்கே வந்துவிட்டேன். டைவ் முடிந்து படகேறியதும் விருந்தினர்கள் பலர் கேட்பார்கள்: "இந்தப் பவளப்பாறையைக் காப்பாற்ற யாருக்குப் பணம் கொடுக்கலாம்?" வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இறங்கி எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்குக் கொடுங்கள் என்பேன்.

2010 கோடையில் அந்தமான் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறின. 2016இல் மறுபடியும். வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதல் வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தனக்குச் சோறு போடும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். மான்கொம்புப் பவளம் முதலில் சாகும். உருண்டைப் பாறையாக வளர்வது பல இடங்களில் தாக்குப்பிடிக்கும். எது செத்தது, எது மீண்டது, எத்தனை வருஷத்தில் மீண்டது என்பதை, முன்பே எழுதி வைத்தவர்கள் இருந்தால்தான் சொல்ல முடியும்.

ரீஃப் வாட்ச் அமைப்பினர் சிடியாடாப்புவில், தானாக ஒடிந்து கிடக்கும் உயிர்ப் பவளத் துண்டுகளை இரும்புச் சட்டங்களில் பொருத்தி வளர்க்கிறார்கள். அந்தப் பொறுமையை மதிக்கிறேன். ஆனால் நன்கொடையாளர்களின் கண் நடுவதன்மேல் மட்டுமே விழுவது எனக்கு உறுத்துகிறது. நட்ட பவளத்தைப் படம் பிடித்து அனுப்பலாம். எண்ணிய கணக்கை எந்தப் படத்தில் காட்டுவது? அடுத்த வெப்ப அலை வந்தால் நட்டதும் வெளிறும். எந்த வகை, எந்த ஆழத்தில் தாங்கும் என்ற கணக்கு கையில் இல்லாமல் நடுவது வீண் உழைப்பு.

எண்ணுவதன் பலனுக்கு வண்டூரில் உள்ள ஏநெட் ஆய்வு நிலையமே சாட்சி. சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை தொடங்கியது அது. அங்கே நெடுங்காலமாகக் களப்பணியைத் தாங்கி நிற்பவர்கள் மாயாபந்தர் பக்கத்துக் கரேன் மக்கள். லிட்டில் அந்தமானில் முட்டையிட வரும் ஏழுவரி ஆமைகளை தக்‌ஷின் அமைப்போடு சேர்ந்து பல பருவங்கள் கணக்கெடுத்தார்கள். செயற்கைக்கோள் கருவி பொருத்தியபோது சில ஆமைகள் மேற்கு ஆஸ்திரேலியப் பக்கமும், சில ஆப்பிரிக்கக் கரைப் பக்கமும் போனது தெரிந்தது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால், ஒரு கடற்கரையில் துறைமுகம் வருகிறபோது "இங்கே ஆமையே இல்லை" என்று யாரும் எழுதிவிடலாம். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நடந்து ஆமைக்கூடு தேடுகிறார்களே, அதுவும் இதே வேலைதான்.

ஹேவ்லாக்கில் இதைச் செய்ய வெளியூர் நிபுணர் வந்து தங்க வேண்டியதில்லை. லைட்ஹவுஸ், நீமோ ரீஃப், டிக்சன்ஸ் பினக்கிள் என்று பருவம் முழுக்க இறங்குகிற பையன்கள் இங்கேயே இருக்கிறார்கள். பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலிருந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள். எந்தக் கலவாய் எந்தப் பொந்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்களுக்குக் கணக்கை எழுதும் முறையைக் கற்றுக்கொடுத்து, எண்ணும் நாளுக்குக் கூலியும் கொடுங்கள். சேவை என்ற பெயரில் இலவசமாகச் செய்யச் சொன்னால், சீசன் சூடுபிடித்ததும் அவர்கள் விருந்தினர்களோடு போய்விடுவார்கள். அதில் தப்பும் இல்லை.

இதற்கான பணத்தை ஒவ்வொரு டைவ் கட்டணத்திலிருந்தும் ஒரு சிறு தொகையாக ஒதுக்கலாம். நிர்வாகமும் டைவ் நிறுவனங்களும் உட்கார்ந்து பேசினால் ஒரு சீசனுக்குள் நடக்கும். அதே பணத்தில் எல்லா டைவ் இடங்களிலும் நிலையான மிதவை கட்டினால், பவளத்தின்மேல் நங்கூரம் விழாது. எடுக்கும் கணக்கை வங்காளத்திலும் இந்தியிலும் தமிழிலும் ஜெட்டியில் ஒட்டி வையுங்கள். புதிய படகுத்துறைக்கோ கடலோர ஓட்டலுக்கோ அனுமதி கேட்டு வருபவரிடம், அந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள்.