வயலின் ஓரம் யாருக்கு?



2023ஆம் ஆண்டு மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகரத் தெருக்களில் ஓடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். கேரளத்தின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு, ஏப்ரல் இறுதியில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட யானை அது. அது தாக்கியதில் காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். சில நாட்கள் சண்முகாநதி அணைப் பகுதியில் திரிந்த யானையை ஜூன் 5 அன்று வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு சென்றனர். அத்துடன் செய்தி ஓய்ந்தது. ஆனால் காட்டுக்கும் வயலுக்கும் இடையே உள்ள சிக்கல் ஓயவில்லை.

நமது பள்ளத்தாக்கு இரு மலைகளுக்கு நடுவே அமைந்தது. 1895இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்தபின் இங்கு இருபோக நெல் விளைந்தது. வாழையும் தென்னையும் பெருகின. பிரெஞ்சு குருவானவர் ஒருவர் 1832இல் தமிழகத்திற்குக் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை, 2023இல் கம்பத்தின் பெயரால் புவிசார் குறியீடு பெற்றது. மறுபக்கம், மேகமலையும் திருவில்லிபுத்தூர்க் காடுகளும் சேர்ந்து 2021இல் புலிகள் காப்பகமாயின. இராயப்பன்பட்டி போன்ற மலையடிவார ஊர்களில் காடும் தோட்டமும் அடுத்தடுத்தே இருக்கின்றன.

இந்த எல்லையில் முன்பு கிளுவையும் நொச்சியும் கள்ளியும் உயிர்வேலியாக நின்றன. அதில் குருவி கூடு கட்டியது, ஓணானும் கீரியும் வாழ்ந்தன, தேனீ பூ தேடி வந்தது. இன்று வரப்பு வரை உழுது, பல இடங்களில் கம்பி கட்டிவிட்டோம். 2022 செப்டம்பரில் பெரியகுளம் அருகே ஒரு தோட்டத்தின் சோலார் வேலியில் சிக்கிச் சிறுத்தை ஒன்று இறந்தது. மறு ஆண்டு தமிழக அரசு, மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த விதிகளைக் கொண்டு வந்தது.

விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கடன் வாங்கிப் போட்ட வாழையை ஒரே இரவில் காட்டுப்பன்றி உழுதுவிட்டால் அவர் யாரிடம் போவார்? காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததும் இந்த வேதனையை உணர்ந்துதான். ஆனால் துப்பாக்கி மட்டும் போதுமா? பன்றிக் குட்டிகளைத் தின்று அவற்றின் பெருக்கத்தைக் குறைப்பது சிறுத்தை. அந்தச் சிறுத்தையை நமது கம்பியே கொன்றால், பன்றியை வளர்ப்பது யார்?

சிறிய உயிர்களிலும் இதே கணக்குதான். ஆந்தை இல்லாத வயலில் எலி பெருகும். நம் மக்கள் அதிகாலையில் ஜீப் ஏறி வேலைக்குப் போகும் ஏலத்தோட்டங்களில், தேனீ வராவிட்டால் ஏலப்பூ காயாகாது. நஞ்சு தெளித்து நன்மை செய்யும் பறவையையும் பூச்சியையும் அழித்துவிட்டு, அவற்றின் வேலைக்கு வேறொன்றை விலை கொடுத்து வாங்கும் நிலையைத்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் சுட்டிக்காட்டினார்.

திருவிவிலியம் வயல் ஓரத்தைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. ஓரம் வரை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடச் சொல்கிறது லேவியர் நூல் (19:9-10). ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விட வேண்டும், ஏழைகள் உண்டு மீந்ததைக் காட்டு விலங்குகள் உண்ணட்டும் என்கிறது விடுதலைப் பயணம் (23:11). ஆக, நிலத்தின் விளைச்சலில் உரிமையாளரைத் தவிர ஏழைக்கும் பங்குண்டு, விலங்குக்கும் பங்குண்டு. ஏழையின் பெயர் முதலில் வருவதையும் கவனிப்போம். விலங்குக்கான பங்கை ஏழை விவசாயியின் தலையில் மட்டும் சுமத்துவது இறைத்திட்டமாக இருக்க முடியாது.

ஆகவே என்ன செய்யலாம்? வரப்பில் தட்டைப்பயறு ஊன்றினால், அதில் சேரும் அசுவினியைத் தேடிப் பொறிவண்டு வரும். அது நெற்பயிரின் பூச்சிகளையும் தின்னும். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டால் இரவில் ஆந்தை அமர்ந்து எலி பிடிக்கும். இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. உயிர்வேலி அப்படியல்ல. அது யானையைத் தடுக்காது. அடர்ந்து வளரச் சில ஆண்டுகள் ஆகும். கொஞ்சம் நிலமும் போகும். அரை ஏக்கர்க்காரரிடம் அதை முதலில் கேட்பது முறையன்று. பங்குகளுக்கும் துறவற சபைகளுக்கும் உள்ள தோட்டங்களிலும், கல்லறைத் தோட்டத்தின் ஓரங்களிலும் நாம் முதலில் தொடங்குவோம். அங்கு வளரும் கிளுவைப் போத்துகளைச் சிறு விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுப்போம். பயிர்ச்சேத இழப்பீட்டுக்கு மனு எழுதத் தெரியாதவர்களுக்கு அன்பியங்கள் துணை நிற்கட்டும்.

செப்டம்பர் முதல் நாளிலிருந்து புனித பிரான்சிஸ் அசிசியாரின் திருநாளான அக்டோபர் 4 வரை திருச்சபை படைப்பின் காலத்தைக் கடைப்பிடிக்கிறது. அதையொட்டி வடகிழக்குப் பருவமழையும் வரும். போத்து நட அதுவே ஏற்ற பருவம். இந்த ஆண்டு நமது பங்கின் நிலத்தில் எந்த ஓரத்தை விடப்போகிறோம் என்பதை, அதற்கு முன்பே அன்பியக் கூட்டங்களில் பேசி முடிவு செய்வோம்.