ஆன்லைன் ரேட்டுக்கே கடையில் ஷூ கிடைக்குமா? ஆம்பூரில் பில் போடும் முன் பார்க்க வேண்டியது

'ஆன்லைன்ல கம்மியா இருக்கே, அதே ரேட்டுக்குத் தருவீங்களா?' ஆம்பூர், வேலூர் ஷூ கடைகளில் செல்போனைக் காட்டி இப்படிக் கேட்கலாம். வெளிநாட்டுப் பெரிய கடைகள் சிலவற்றில் 'பிரைஸ் மேட்ச்' என்று இதற்குத் தனி விதியே உண்டு. இங்கே அது பேரம்தான். எம்ஆர்பிக்கு மேல் விற்றால் 1915-ல் புகார் செய்யலாம். குறைத்துக் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

ஆனாலும் கேட்பதில் லாபம் இருக்கிறது. காரணம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், ஜோடி 2,500 ரூபாய் வரை வரி 5%, தாண்டினால் 18%. பார்ப்பது எம்ஆர்பியை அல்ல, வரிக்கு முந்தைய விற்பனை விலையை.

வரி இல்லாமல் 2,700 ரூபாய் ஷூ என்று வைத்துக்கொள்வோம். வரி 486, மொத்தம் 3,186. கடைக்காரர் 200 ரூபாய் குறைத்தால் வரி வெறும் 125, மொத்தம் 2,625. அவர் விட்டது 200. வாங்குபவருக்கு மிச்சம் 561!

ஆனால் தள்ளுபடி பில்லிலேயே இருக்கணும். முழு விலைக்கு பில் போட்டுவிட்டு 200 ரூபாயைக் கையில் திருப்பிக் கொடுத்தால், மிச்சம் அந்த 200 மட்டும்தான்.

ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு விற்கும் கடைகளில் இது கொஞ்சம் கஷ்டம். அதே மாடல் ஆன்லைனில் பெரும்பாலும் இருக்காது. பார்க்க ஒரே மாதிரி இருப்பதைக் காட்டினால், 'அது ரெக்சின் சார், இது லெதர்' என்று முடித்துவிடுவார்கள். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.