ராத்திரி மாப்ள, காலையில டேய்

தோழர்களே,

“இந்த நாட்டுல சாதி பாக்காத ஒரே எடம் டாஸ்மாக் பார்தான்.” இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பட்டிமன்ற மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். சினிமாவில் காமெடி பண்ணுகிறார்கள். முற்போக்கு பேசுகிற நண்பர்களே, பெரியாரும் அம்பேத்கரும் பண்ண முடியாததை ஒரு குவார்ட்டர் பண்ணிருச்சு என்று சிரிக்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் சேர்ந்து சிரித்தவன்தான். என் சித்தப்பா மகனுக்கு மண்டையில் 11 தையல் போட்ட பிறகு சிரிப்பு வரவில்லை. அந்தச் சங்கதியையும், அதில் நான் செய்த தப்பையும் எழுதாமல் இந்த இதழை வெளியிட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் பாருக்குள் போவோம். சரக்கு விற்கிற கடை அரசாங்கத்தினுடையது. 2003 நவம்பர் முதல் சில்லறை வியாபாரம் முழுக்க டாஸ்மாக் கையில் இருக்கிறது. அதை ஒட்டி நிற்கும் தகரக் கொட்டகைதான் பார். அதைத் தனியாருக்கு டெண்டர் விடுகிறார்கள். தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும் என்று காகிதத்தில் இருக்கும். எங்கள் வட்டாரத்தில் அந்த டெண்டரை எடுத்த ஒரு தலித்தையும் நான் பார்த்ததில்லை. எடுக்கிறவன் ஊர்க்காரன். வாந்தி கழுவுகிறவன், மேசை துடைக்கிறவன், பாட்டிலைச் சாக்கில் கட்டித் தூக்குகிறவன் எங்கள் தெருப் பையன். சாதி இல்லாத இடத்தில் வேலை மட்டும் எப்படிச் சாதி பார்த்துப் பிரிந்தது?

அடுத்தது தீனி. குடல், போட்டி, ஈரல், ரத்தப் பொரியல். இதெல்லாம் யார் வீட்டுச் சாப்பாடு? ஊரில் ஆடு வெட்டினால் தொடையும் நெஞ்சும் பெரிய வீட்டுக்குப் போகும். குடலும் ரத்தமும் நம் அம்மாக்கள் கைக்கு வரும். அதை நாலு தண்ணியில் அலசி, வேகவைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ருசியாக்கியவர்கள் அவர்கள். அதைத் தின்றோம் என்பதற்காகவே நம்மைக் கேவலம் பேசினார்கள். இன்றைக்குப் பாரில் அது சைடிஷ். ஊர்ப் பெரியவர் பேரன் விரலைச் சப்பிச் சப்பித் தின்கிறான், சமைத்தது யார் என்று கேட்பதில்லை. ஆனால் 2018-ல் அவினாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தலித் அம்மா சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். போதையில் இறங்குகிற சோறு, தெளிந்திருக்கும்போது தீட்டாகிவிடுகிறது. மாட்டுக்கறி மட்டும் எங்கள் பக்கத்துப் பார்களுக்குள் இன்னும் நுழையவில்லை. அதுக்கு இன்னும் போதை பத்தலை போல.

பிறகு கிளாஸ். இதைத்தான் நாம் நிதானமாகப் பேச வேண்டும். என் தாத்தா டீக்கடையில் கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடித்தவர். அப்பாவுக்கு அலுமினிய டம்ளர், அது கூரையில் செருகியிருக்கும். தானே எடுத்து, தானே கழுவி, செருகிவிட்டு வர வேண்டும். என் காலத்தில் கண்ணாடி கிளாஸ் வந்தது, அடியில் ஒரு சொட்டு பெயிண்டோடு. நாங்கள் இளைஞர்கள் சேர்ந்து கடை முன்னால் உட்கார்ந்தோம். தாசில்தார் வந்தார், சமாதானக் கூட்டம் போட்டார். அடுத்த வாரமே கடைக்காரர் பேப்பர் கப்புக்கு மாறிவிட்டார். எல்லாருக்கும் ஒரே கப். ஜெயித்துவிட்டோம் என்று துண்டறிக்கை அடித்தோம். அதை எழுதியவன் நான்தான்.

இப்போது யோசித்தால் அன்றைக்கு ஜெயித்தது தீட்டுதான் என்று படுகிறது. நம் வாய் பட்ட கிளாசில் அவன் வாய் படக்கூடாது. அதுக்குத்தானே ரெண்டு டம்ளர் வைத்தான்? பேப்பர் கப் அதே காரியத்தைச் சண்டை சச்சரவு இல்லாமல் முடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டது. பாரில் இருப்பதும் அதே கப்தான். குடித்ததும் கசக்கி எறிகிற கப்பை வைத்துக்கொண்டு, ‘ஒரே கிளாஸ்ல குடிக்கிறோம்’ என்று சொல்கிறவனை என்ன செய்வது? 1957-ல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் போராட்டம் நடத்தினார். பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தால் அழிக்கலாம். பேப்பர் கப்பில் எதை அழிப்பது?

பழைய டம்ளரும் ஒழிந்தபாடில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை விசாரிக்கப் போன புதுக்கோட்டை கலெக்டர், இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டார். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-ல் வந்தது. 67 வருஷம் கழித்தும் டம்ளரைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு கலெக்டர் போக வேண்டியிருக்கிறது.

சரி, தோளில் கை போடுகிறானே, ‘மாப்ள’ என்கிறானே என்று கேட்பீர்கள். ஆமாம், என்னையும் சொல்லியிருக்கிறான். ரெண்டாவது ரவுண்டில் கை தோளில் விழும். ‘மாப்ள, நமக்குள்ள என்னடா சாதி’ என்பான். விடிந்தால் அதே ஆள், பால் சொசைட்டி வாசலில் நிற்கும் என் அப்பாவை, தன் அப்பன் வயசுக்காரரை, ‘டேய்’ என்று கூப்பிடுவான். ராத்திரி சொன்ன அந்த ‘மாப்ள’யை நம் பையன் நிஜமாக எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையாகவே போய் நின்றால் என்ன நடக்கும்? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சங்கருக்கு நடந்தது நடக்கும்.

அண்ணல் அம்பேத்கர் இதை 1936-லேயே தீர்த்துச் சொல்லிவிட்டார். லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்கு எழுதி, மாநாட்டுக்காரர்கள் பின்வாங்கியதால் பேசப்படாமல் அச்சில் வந்த ‘சாதி ஒழிப்பு’ உரையில் இருக்கிறது. கூடி உண்பது பல இடத்தில் நடந்திருக்கிறது, அதனால் சாதி சாகவில்லை; சாதி கடந்த திருமணம் வேண்டும், அதற்கு முதலில் சாஸ்திரத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை உடைய வேண்டும் என்பது அவர் வாதம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் பொது விருந்து போட்டு, அதிகாரிகள் வரிசையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அண்ணல் போதாது என்று சொன்ன மருந்தை அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு வேளை கொடுக்கிறது. டாஸ்மாக் தினமும் கொடுக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். என் தம்பி, அதாவது சித்தப்பா மகன், சென்ட்ரிங் வேலை பார்க்கிறவன். போன வருஷம் ஒரு சனிக்கிழமை, வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு பாருக்குப் போயிருக்கிறான். காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டிருக்கிறான். பக்கத்து மேசையில் ஊர்ப் பையன்கள் நாலு பேர். அதில் ஒருவன் அவனோடு ஒண்ணாம் வகுப்பிலிருந்து படித்தவன். ‘காலை இறக்குடா’ என்றானாம். இவன், ‘எதுக்கு மாப்ள?’ என்று கேட்டிருக்கிறான். அவன் சொன்ன அதே வார்த்தைதான். அந்த ‘மாப்ள’ இவன் வாயிலிருந்து வந்ததும் பாட்டில் உடைந்தது. சாதிப் பேரைச் சொல்லித்தான் அடித்தார்கள். கொட்டகையில் முப்பது பேர் இருந்திருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘குடிபோதையில் இரு தரப்பினரிடையே வாய்த்தகராறு.’ எங்கள் பக்கம் பாரில் நடக்கும் சாதி அடிக்கெல்லாம் ஒரே வாசகம்தான். நாற்காலி இல்லை, கால் இல்லை, சாதிப் பேர் இல்லை. போதை மட்டும் இருக்கிறது. பாரில் சாதி இல்லை என்கிற கதை எங்கே உதவுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சாதியே இல்லாத இடத்தில் வன்கொடுமை எப்படி நடக்கும்? ஆகவே வழக்கும் இல்லை.

என் தப்பு இங்கேதான். சேதி வந்த ராத்திரி நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆனால் இயக்கத்தைக் கூட்டவில்லை. ‘பாருல நடந்த சண்டை, எடுத்தா நமக்குத்தான் அசிங்கம், குடிகாரனுக்குக் கொடி பிடிக்கிறாங்கன்னு பேசுவாங்க’ என்று தோழர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். மூணாம் நாள் சித்தி வீட்டுக்கு வந்தாங்க. உட்காரக்கூட இல்லை. “ஏம்ப்பா, டீக்கடையில அடிச்சிருந்தா போஸ்டர் ஒட்டியிருப்பீங்க. சாராயக் கடையில அடிச்சா அவன் நம்ம சாதி இல்லையா? குடிச்சிருந்தான், ஒத்துக்கிறேன். அடிச்சவன் என்ன மோரா குடிச்சிருந்தான்?”

இதுக்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் சித்தி குடிக்கு ஆதரவு இல்லை. அந்தக் கடையை மூடச் சொல்லி மறியலில் முன்வரிசையில் உட்கார்ந்தவங்க. நெடுஞ்சாலை ஓரக் கடைகளை எடுக்கச் சொல்லி 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 2017-ல் அந்தக் கடை எங்கள் காலனி ஓரத்துக்கு வந்தது. ஊர்ப் பக்கம் ஏன் போகவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடையை மூடு என்பதும், அந்தக் கடையில் என் பிள்ளையை எழுந்திரி என்று சொல்ல நீ யார் என்பதும் சித்திக்கு ஒரே நியாயம். படித்த நமக்குத்தான் அது முரண்பாடாகத் தெரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடை, உணவு விடுதி, ஓட்டல், பொழுதுபோக்கு இடம் என்று பேர் சொல்லியே நம்மைத் தடுக்கக் கூடாது என்கிறது. 1955 சட்டத்தில் ஓட்டலில் பொதுவாக இருக்கும் பாத்திரத்தைத் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஜெயில், 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை அபராதம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இந்தக் குற்றத்தைச் சேர்த்து, ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை தண்டனை என்று ஆக்க 2015 திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சட்டத்தையும் பாருங்கள். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்கு வேட்டி கட்டிப்போன உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. தமிழ்ப் பண்பாட்டுக்கு அவமானம் என்று சட்டமன்றமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டம். வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஒரு வருஷம் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், லைசென்சும் ரத்தாகும். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. வேட்டிக்கு ஒரே மாதம். டம்ளருக்கு அறுபது வருஷம். ஏசி பாரும் காக்டெயிலும் எனக்குத் தூரம். ஆனால் அந்த வாசலில் ஒரு தமிழனை நிறுத்தினால் எவ்வளவு சீக்கிரம் சட்டம் வரும் என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொண்டேன்.

குடியைப் பற்றி நம் நிலை என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிரைக் குடித்தது. செத்தவர்கள் கூலிகள், நம் சனம். டாஸ்மாக் குவார்ட்டருக்குக் காசு பத்தாதவன்தான் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறான். இந்த அரசாங்கம் வருஷத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் இதில் வருமானம் பார்க்கிறது. நம் வீட்டுப் பெண்கள் கடையை மூடச் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதுதான் சரி. ஆனால் கடை மூடுகிற வரைக்கும் அதில் அடிபடுகிறவன் நம்மவன். அவன் குடித்திருந்தானா என்று கேட்கும் உரிமை அவன் அம்மாவுக்கு உண்டு. இன்ஸ்பெக்டருக்குக் கிடையாது. இயக்கத்துக்கும் கிடையாது.

ஆகவே தோழர்களே, மூணு காரியம் செய்வோம். பாரில் நம் ஆள் அடிபட்டால் அன்று ராத்திரியே புகாரை எழுத்தில் கொடுங்கள். சாதிப் பேர் சொன்னதை, யார் முன்னால் சொன்னான் என்பதை, நாற்காலியிலிருந்து எழுப்பியதை விடாமல் எழுதுங்கள். பலர் பார்க்கிற இடம் எதுவோ அது சட்டத்தின் கண்ணுக்குப் பொது இடம்தான், தகரக் கொட்டகையும் அதில் சேரும். வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. தகுதியில் உள்ளவர்தான் விசாரிக்க வேண்டும் என்று 1995 விதி சொல்கிறது, ‘குடிபோதைத் தகராறு’ என்று எழுதி முடிக்க விடாதீர்கள். ரெண்டாவது, பேப்பர் கப்புக்கு மாறிய டீக்கடைகளைத் திரும்பப் போய்ப் பாருங்கள். பெஞ்சில் யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள், கழுவி வைக்கிற கிளாஸ் யாருக்குப் போகிறது என்று எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். மூணாவது, ராத்திரி ‘மாப்ள’ என்கிறவனைக் காலையில் பால் சொசைட்டி வாசலில், நாலு பேர் முன்னால் அதே வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்கிறவன் இருந்தால் அவன் தோழன்.

தம்பி வழக்கை வன்கொடுமைப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி எஸ்.பி.யிடம் மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் மாற்றவில்லை. அடுத்த மாதம் எஸ்.பி. அலுவலகம் முன்னால் உட்காரப் போகிறோம். சித்தியும் வர்றாங்க. நீங்களும் வரணும்.

ஜெய்பீம்.

ஆசிரியர்