குடியிருப்புத் தெருவில் 30 கிலோ மீட்டர் போதாதா?

ஜோகுபாளையத்தின் உள்தெருக்களில் வாசல்படி முடிகிற இடத்திலேயே ரோடு ஆரம்பமாகிறது. நடுவே நடைபாதை என்று ஒன்று இருப்பது அபூர்வம். கோலம் போடுவதும், தண்ணீர்க் குடத்தை இறக்கி வைப்பதும், பிள்ளைகள் பந்தடிப்பதும் அந்த ரோட்டில்தான். அல்சூர் மெட்ரோ நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்து வரும் குமாஸ்தாவுக்கும், முதல் ஷிப்டுக்குப் புறப்படும் தொழிலாளிக்கும் அதைவிட்டால் வேறு வழி கிடையாது. பழைய மெட்ராஸ் சாலையில் வண்டிகள் தேங்கினால், இந்திரா நகர் பக்கம் போகிறவர்கள் குறுக்குவழி தேடி உள்ளே நுழைகிறார்கள். கைப்பேசி வரைபடம் வேறு வழிகாட்டி விடுகிறது. மெயின் ரோட்டில் விட்ட ஐந்து நிமிடத்தைச் சந்துக்குள் பிடித்துவிடப் பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட தெருவில் வண்டி எவ்வளவு வேகம் போகலாம்? 2018 ஏப்ரலில் மத்திய அரசாங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70 கிலோ மீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 60 கிலோ மீட்டர் என்று அதில் உச்ச வரம்பு குறித்தார்கள். நூறடி ரோடும் பத்தடிச் சந்தும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்! விபத்தில் முடமான ஒருவரின் நஷ்டஈட்டு வழக்கில், 2021 ஆகஸ்டில், சென்னை ஐகோர்ட்டு இந்த அறிவிப்பை ரத்து செய்தது. ஆனால் அங்கே எழுந்த விவாதம் பெரும்பாலும் நெடுஞ்சாலை வேகத்தைப் பற்றியது. சந்துகளைப் பற்றிப் பேசுவாரில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

பந்தைத் துரத்திக் கொண்டு ஒரு குழந்தை, காருக்கு 15 மீட்டர் முன்னால் குறுக்கே ஓடி வருவதாக வைத்துக் கொள்வோம். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகும். 30 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒரு விநாடியில் சுமார் 8 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு இன்னும் 5 மீட்டர். ஆக 13 மீட்டரில் நின்றுவிடும். குழந்தை தப்பும்.

அதே கார் 50 கிலோ மீட்டரில் வந்தால்? பிரேக்கில் கால் படுவதற்குள்ளேயே 14 மீட்டர் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரே மீட்டர். ஏறக்குறைய 48 கிலோ மீட்டர் வேகத்தில் மோதும். நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மழை நாளில் இதைவிட மோசம். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். டிரைவர் கெட்டிக்காரர், கை சுத்தம் என்பதெல்லாம் இந்த ஒரு விநாடிக்கு முன்னால் செல்லுபடியாகாது.

2022-ம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 71 சதவீதச் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் வீதம் நடந்து போனவர்கள்.

சரி, வேகத்தைக் குறைத்தால் நேரம் போகுமே என்பார்கள். ஒரு கிலோ மீட்டரை 50-ல் கடக்க 72 விநாடி. 30-ல் கடக்க 120 விநாடி. வித்தியாசம் 48 விநாடி. ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும் நேரம் கூட இல்லை.

பிற நாடுகளில்

மேற்கு ஜெர்மனியில் பக்ஸ்டஹூடே என்னும் சிறு நகரம் 1983-லேயே குடியிருப்புப் பகுதிக்கு 30 கிலோ மீட்டர் வரம்பு போட்டுப் பார்த்தது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடு, நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30-க்கு மேல் கூடாது என்று பிரகடனம் செய்தது. பிரிட்டனில் ராட் கிங் என்பவர் 2007-ல் தொடங்கிய இயக்கம் ஊர் ஊராக இதே கோரிக்கையைக் கொண்டு சென்றது.

அவர்களுக்கும் இது சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. வேல்ஸ் பிரதேசத்தில் 2023 செப்டம்பரில் ஊருக்குள் வேகத்தை 48-லிருந்து 32 கிலோ மீட்டராகக் குறைத்தபோது, அதை எதிர்த்து 4 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். அரசாங்கம் பின்னர் சில சாலைகளுக்கு மட்டும் விலக்குத் தர முன்வந்தது. ஆனால் முதல் ஓராண்டில் அந்த வகைச் சாலைகளில் காயமும் சாவும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்ததைப் புள்ளிவிவரம் காட்டிவிட்டது. பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் 30 வரம்பு உள்ள ஹெல்சிங்கி நகரம், 2025 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் ஒரு சாலைச் சாவு கூட இல்லை என்று அறிவித்தது.

நாம் கேட்க வேண்டியது

நமது சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவின்படி, மாநில அரசாங்கமோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ, பொதுமக்கள் பாதுகாப்புக்காக எந்தச் சாலையிலும் வேகத்தைக் குறைத்து அரசிதழில் அறிவிக்கலாம். அறிவித்தால் மட்டும் போதாது. தெருவில் பலகையும் நட வேண்டும். இரண்டும் இல்லாத சந்தில் 45-ல் போனவரைப் போலீசார் பிடித்து என்ன குற்றம் எழுதுவார்கள்? தாறுமாறாக ஓட்டினார் என்று 184-வது பிரிவில் எழுதலாம். அதை நிரூபிப்பது பெரும்பாடு. வரம்பு இருந்தால் 183-வது பிரிவில் ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

பலகையை மட்டும் நம்பிப் பயனில்லை என்பதும் உண்மை. அதனால்தான் பல தெருக்காரர்கள் தாங்களே ஜல்லியும் சிமெண்டும் கொட்டி வேகத்தடை போட்டுக் கொள்கிறார்கள். இது ஆபத்தான வேலை. வெள்ளைக்கோடு இல்லாத செங்குத்தான மேட்டில், இரவு ஷிப்டு முடித்து வரும் ஸ்கூட்டர்க்காரர்தான் முதலில் விழுவார். ஆட்டோவில் போகும் கர்ப்பிணிக்கு நேரும் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டி மீட்டர் உயரமுமாகச் சரிந்து ஏறி இறங்க வேண்டும். 25 கிலோ மீட்டரில் வருபவருக்கு முதுகு வலிக்காது. 50-ல் வருபவர் தானாகவே காலை எடுப்பார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். வேகமாக வருபவர் எல்லாம் வெளியார் அல்ல. நம் வீட்டுப் பையன்களும் அதே சந்தில்தான் பைக்கை முறுக்குகிறார்கள். மணி பார்த்துச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகும் இளைஞனும் நம்மைப் போல் பிழைக்க வந்தவன். அவன் மேல் கோபப்படுவதைவிட, அவனை விரட்டும் கம்பெனிக்காரரும் மீற முடியாதபடி தெருவுக்கு ஒரு வரம்பு இருப்பது அவனுக்கே நல்லது.

பெங்களூர் மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்தது. ரோடும் வேகத்தடையும் மாநகராட்சியின் பொறுப்பு. வேகத்தைக் கண்காணிப்பது டிராபிக் போலீசின் பொறுப்பு. ஓரிடத்தில் மட்டும் மனுக் கொடுத்தால் மற்றவர் மேல் கையைக் காட்டுவார்கள். ஆகவே ஒரே மனுவை இரண்டு இடத்திலும் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். தெருவின் பெயர், அகலம், பள்ளிக்கூடமோ கோயிலோ இருக்கும் இடம், வண்டிகள் அதிகம் நுழையும் நேரம் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். மனு கன்னடத்தில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர், உருதுக்காரர், தெலுங்குக்காரர் கையெழுத்தும் சேரட்டும். அவர்கள் குழந்தைகளும் அதே தெருவில்தான் பந்தடிக்கிறார்கள்.