கொலஸ்ட்ரால் "கெட்டுப்போனா" மட்டும்தான் ஆபத்தா?

"டாக்டர்.. கொலஸ்ட்ரால் நல்லதுதானாம். அது ஆக்சிடைஸ் ஆனா மட்டும்தான் மாரடைப்பு வருமாம். அதனால ஸ்டேட்டின நிறுத்திட்டு வைட்டமின் ஈ போடுறேன்"

காணொளி பார்த்துவிட்டு இப்படிச் சொல்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களும் இதில் உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு.

ஆக்சிடைஸ் ஆவது உண்மைதான். மறுக்கவில்லை.

எல்டிஎல் என்பது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள். அது ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். மாட்டியது அங்கேயே ஆக்சிஜனேற்றம் அடையும். நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை வருமே.. கிட்டத்தட்ட அதே வேதியியல்தான்.

உடனே சுவரின் செல்கள் அபாயச் சங்கு ஊதும். வெள்ளையணுக்கள் ஓடிவந்து, மேக்ரோஃபேஜாக மாறி விழுங்க ஆரம்பிக்கும்.

இங்கேதான் சிக்கல்.

சாதாரண எல்டிஎல் நுழையும் வாசல், செல்லுக்குள் கொலஸ்ட்ரால் போதும் என்றானதும் மூடிக்கொள்ளும். கெட்டுப்போன எல்டிஎல் நுழையும் வாசலுக்கோ அப்படி ஒரு கதவே கிடையாது. தின்னும்.. தின்னும்.. தின்றுகொண்டே இருக்கும். உப்பிப்போய் "நுரை செல்" ஆகி அங்கேயே சாகும். செத்த செல்கள் அழற்சியை இன்னும் கிளப்பிவிடும். இப்படி வளர்ந்த படிமத்தின் மூடி ஒருநாள் கிழிந்தால், அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். பெரும்பாலான மாரடைப்பு இப்படித்தான் வருகிறது.

"அப்போ ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்குற வைட்டமின் போட்டா போதுமே?"

நியாயமான கேள்வி. மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அதை நம்பியது. சோதித்தும் பார்த்துவிட்டது.

பிரிட்டனில் நடந்த ஹார்ட் ப்ரொடெக்‌ஷன் ஸ்டடி, 2002இல் வெளியானது. 20,536 பேர். ஐந்து ஆண்டுகள். பாதிப்பேருக்கு சிம்வாஸ்டேட்டின் 40 மி.கி., மீதிப்பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. அதே ஆட்களைத் தனியாக இன்னொரு முறை பிரித்து, பாதிப்பேருக்கு தினமும் வைட்டமின் ஈ 600 மி.கி., வைட்டமின் சி 250 மி.கி., பீட்டா கரோட்டின் 20 மி.கி. கொடுத்தார்கள்.

வைட்டமினால் மாரடைப்பும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை.

சிம்வாஸ்டேட்டின் பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் கால்வாசி குறைந்தன. போலி மாத்திரை எடுத்தவர்களில் 14.7% பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 12.9%.

என் பார்வை இதுதான். சுவருக்குள் நுழையாத எல்டிஎல் அங்கே கெட்டுப்போக முடியாது. உள்ளே போவதைக் குறைக்க நம்மிடம் வழி இருக்கிறது. போன பிறகு கெடாமல் காக்கும் மாத்திரை இதுவரை இல்லை.

அழற்சியை மட்டும் அடக்கிப் பார்த்த கேண்டோஸ் ஆய்வும் (2017) உண்டு. எல்டிஎல் குறையாமலே மாரடைப்பு குறைந்தது. காணொளிகளுக்குப் பிடித்த ஆய்வு! அதில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஸ்டேட்டினும் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்த மருந்தால் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின என்பதை மட்டும் ஏனோ சொல்வதில்லை.

எல்டிஎல் கெட்டுப்போவதைக் குறைக்க நிஜமாகவே ஆசை இருந்தால் பீடி சிகரெட்டை விடுங்கள். சுகரைக் கட்டுக்குள் வையுங்கள்.

ஸ்டேட்டினால் தசைவலி வருகிறதா? உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டின் மாற்றலாம், எஸெட்டிமைப் சேர்க்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.